காட்டு ஈச்சையின் தூள்

தை 12, சனி

நான் சொல்லச் சொல்ல பெருமாயி எழுதுகிறாள். எனக்குக் கையெழுத்துகூட வராது, கட்டைவிரல்தான். அவள் எட்டாவது படித்தவள். நோட்டு எதற்கு, எல்லாம் தலையில் இருக்கிறதே என்றேன். "உங்க தலைய யாரு சாட்சிக்கு வச்சுக்குவாங்க?" என்றாள். அதுவும் சரிதான்.

விஷயம் இது. முப்பத்துநாலு வருஷம் சவூதியில், அல் அஹ்ஸா என்கிற ஊரில், பேரீச்சந்தோட்டத்தில் வேலை பார்த்தேன். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெண்டு மாசம் ஊருக்கு வருவேன். போன ஐப்பசியில் ஒரேயடியாகத் திரும்பிவிட்டேன். நான் அங்கே இருக்கும்போதே, ஐந்து வருஷத்துக்கு முன்னால், அரூர் பக்கம் எங்கள் நிலம் ஒரு ஏக்கரில் பெருமாயி அறுபத்திரண்டு பேரீச்சங்கன்று வைத்தாள். யாரையும் கேட்கவில்லை. எனக்கே வைத்து முடித்த பிறகுதான் போனில் சொன்னாள். அது பங்கு பிரிக்காத நிலம். என் தம்பி தீர்த்தகிரிக்கு அதில் மரவள்ளி போட ஆசை.

போன வருஷம் மரங்கள் முதல் பாளை விட்டன. ஒரு காய் பிடிக்கவில்லை. "அண்ணி கைவச்சு எது காய்ச்சிருக்கு?" என்று தீர்த்தகிரி பங்காளிகள் நடுவில் கேட்டானாம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைத்தான் சொன்னான்.

பங்காளிகள் பேசி வைத்திருக்கிறார்கள். வரும் வைகாசியில் வந்து பார்ப்பார்கள். காய் இருந்தால் தோப்பு பெருமாயியுடையது. இல்லையென்றால் மரத்தைப் பிடுங்கிவிட்டு தீர்த்தகிரி உழுதுகொள்ளலாம்.

நான் சொல்லி நிறுத்தின பிறகும் பேனா ஓடுகிறது. என்ன எழுதுகிறாய் என்றேன். "தேதி" என்கிறாள்.

(தேதி இல்லை. "எங்களுக்குப் பிள்ளை இல்லை" என்று சொல்லும்போது அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார். அதை எழுதினேன். — பெ.)

தை 15, செவ்வாய்

ஊருக்கு வந்ததும் கண்புரை ஆபரேஷன் செய்ததால் மூன்று மாசம் வெயிலில் போகக்கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். இன்றுதான் தோப்புக்குள் முழுசாக நடந்தேன். வரிசை எட்டு. அடிமரமே ஆள் உயரம், ஓலை நல்ல நீலப்பச்சை. தண்ணீரும் எருவும் குறைவில்லாமல் வைத்திருக்கிறாள். ஒரு ஓலை காய்ந்து தொங்கவில்லை. முப்பத்துநாலு வருஷம் இதே வேலை செய்த என் கையில் இருந்திருந்தால்கூட இதைவிட நன்றாக வந்திருக்காது.

கிழக்கு மூலையில் ரெண்டு அடிக்கட்டை கண்டேன். வெட்டின கட்டை.

"இங்க நின்ன மரம் எங்க?"

"அதுவா? அது ரெண்டும் காய்க்காத மரம். மத்ததுக்கு முன்னாடியே பூ விட்டுச்சு, வெள்ளை வெள்ளையா மாவு கொட்டிச்சு, அவ்ளோதான். கொழுந்தனார் வந்து வெட்டிப் போட்டாரு. சும்மா தண்ணி குடிக்குதுன்னு."

நான் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். அறுபதும் பெண் மரம். அந்த ரெண்டும்தான் ஆண். கன்று கொடுத்தவர்கள் அறுபதுக்கு ரெண்டு என்று கணக்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள். காய்க்காததுதான் அவற்றின் வேலை.

போன வருஷம் காய் பிடிக்கவில்லை என்று போனில் அழுதாள். முதல் பாளை அப்படித்தான் என்று நான் சொல்லிவிட்டேன். ஆண் மரம் நிற்கிறதா என்று கேட்கத் தோன்றவேயில்லை. அல் அஹ்ஸாவில் ஆண் மரத்தை ஒருவன் வெட்டுவான் என்று யாரும் கனவிலும் நினைக்கமாட்டார்கள்.

(அவர் வெட்டும்போது மரம் சாயாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். இதை இன்னும் சொல்லவில்லை. — பெ.)

தை 16, புதன்

பெண் மரங்களில் பாளை தள்ள ஆரம்பித்துவிட்டது. இன்னும் பத்து நாளில் முதல் பாளை வெடிக்கும். வெடித்து நாலைந்து நாளைக்குள் ஆண் பூவின் தூள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு பூ, தூள் வாங்கும் நாக்கை இழுத்துக்கொள்ளும்.

பெருமாயிக்கு ஒரு பாளையை முன்கூட்டியே கீறிக் காட்டினேன். தந்தம் போல இழைகள், இழை முழுக்க மஞ்சள் மணி கோர்த்த மாதிரி பூ. ஒரு பூவை நகத்தால் பிளந்தேன். உள்ளே மூன்று அறை. மூன்றிலும் ஒவ்வொரு சூல். ஆண் தூள் வந்து ஒரு அறை கருவானதும் மற்ற ரெண்டும் தானாகச் சுருங்கி விழுந்துவிடும். ஒரு பூவுக்கு ஒரு பழம்.

"தூள் வரலன்னா?"

"மூணும் வீங்கும். ஒட்டிக்கிட்டு, சுண்டைக்கா மாதிரி, கொட்டை இல்லாம. பழுக்கவே பழுக்காது. போன வருஷம் பார்த்திருப்பியே."

"பார்த்தேன். மூணு மூணா இருந்திச்சு. நான் அதைத்தான் நெறைய காய்ச்சிருக்குன்னு நினைச்சு சூடம் காட்டினேன்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள்.

தை 17, வியாழன்

தீர்த்தகிரியிடம் கேட்டேன். "ஆம்பளை மரம்னு ஒண்ணு இருக்குதாண்ணே? மரத்துல என்னா ஆம்பளை?" என்றான். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியாது. பனையில் ஆண் பனை உண்டென்று தெரிந்தவன், இதில் இருக்குமென்று யோசிக்கவில்லை.

தை 20, ஞாயிறு

மூன்று நாளாகத் தூக்கமில்லை. எந்த ஊரில் பேரீச்சந்தோப்பு இருக்கிறதென்று கேட்டுப் பார்த்தாயிற்று. ஒருவர் போனை எடுக்கவில்லை. இன்னொருவர் தன் தோப்புக்கே தூள் போதவில்லை என்றார்.

இன்று காலை வாசல் பெருக்கும்போது பெருமாயி ஈச்சோலை விளக்குமாற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"ஏங்க, இந்த ஈச்ச மரமும் பேரீச்சையும் பங்காளிதானே?"

முப்பத்துநாலு வருஷம் தொழில் செய்தவனுக்குத் தோன்றவில்லை. அங்கே ஈச்சை கிடையாது, அதனால் என்று சொல்லிக்கொள்ளலாம். ரெண்டும் ஒரே குடும்பம். ஓலை ஒன்று, முள் ஒன்று, பாளை ஒன்று. ஈச்சையிலும் ஆண் தனி, பெண் தனி. அதுவும் இதே தையில்தான் பூக்கும்.

சேருமா? சேரும் என்று ரஃபத் ஒருமுறை சொன்னது ஞாபகம் இருக்கிறது. ரஃபத் எங்கள் தோட்டத்து எகிப்துக்கார இன்ஜினியர். காய் கொஞ்சம் சின்னதாகலாம், கொட்டை மாறலாம், பழுப்பது முன்னே பின்னே ஆகலாம் என்றார். பேரீச்சையில் அப்பன் சாயல் பேரன் வரை காத்திருக்காது, அந்தக் காயிலேயே தெரியும்.

தை 22, செவ்வாய்

சித்தேரி மலையடியில் ஓடைக்கரையோரம் போனோம். விளக்குமாறு கட்டும் கரியான் வழி காட்டினார். என் வயதுக்காரர். மலையில் உள்ள ஒவ்வொரு ஈச்சையும் அவருக்குத் தெரியும்.

"ஆண் ஈச்சையா? இதோ நிக்கிறானே தடியன். ஒரு பழம் தந்ததில்ல. ஆனா ஓலை நல்ல ஓலை, அதனால விட்டு வச்சிருக்கேன்."

நல்லவேளை, ஓலைக்காகவாவது.

மரம் ரெண்டு ஆள் உயரம். கரியான் ஏறினார். மேலேயிருந்து, "எதுக்குய்யா இந்தப் பூவு? மருந்தா?" என்றார்.

"கல்யாணம்."

"யாருக்கு?"

"அறுபது பொண்ணுங்க இருக்காங்க அரூர்ல."

"அடேங்கப்பா! இவன் ஒருத்தனா?" என்று சிரித்ததில் கீழே விழப் பார்த்தார். பெருமாயி திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது.

நாலு பாளை இறக்கினோம். ரெண்டு வெடிக்கும் பக்குவம். வெடித்த ஒன்றைத் தட்டியதும் வெள்ளையாக ஒரு புகை எழுந்து காற்றோடு போயிற்று. ஒரு பாளையில் எத்தனை கோடி தூள் இருக்கும்! காற்று கண் தெரியாதது, எங்கே கொண்டுபோகுமென்று அதற்கே தெரியாது. அதனால்தான் மரம் இப்படி வாரி இறைக்கிறது. கோடியில் ஒன்று போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற கணக்கு.

தை 24, வியாழன்

இழைகளை நிழலில் பேப்பர்மேல் உலர்த்தி, மெல்லிய துணியில் சலித்தேன். கால் டம்ளர் தூள். விரலில் எடுத்தால் எடையே இல்லை. அடுப்புப் பக்கம் வராதே என்று பெருமாயியைத் திட்டினேன். சூடு பட்டால் செத்துவிடும். ஈரம் பட்டாலும் செத்துவிடும்.

தை 26, சனி

இன்று முதல் தூவல். உச்சி வெயிலில்தான் செய்ய வேண்டும். குளிர்ந்த பூவில் தூள் முளைக்காது. அல் அஹ்ஸாவில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் யாரும் ஏணியைத் தொடமாட்டார்கள்.

பெருமாயி காலண்டரைப் பார்த்தாள். குளிகை ஆறிலிருந்து ஏழரை, அதில் ஆரம்பித்தால் பெருகும். சனிக்கிழமை, ஒன்பதுக்கு மேல் ராகு காலம், அதற்குப் பின்னால் எமகண்டம். "போன வருஷம் ஒண்ணும் பார்க்காம விட்டோம். இந்தத் தடவ நேரம் பார்த்துதான் ஆரம்பிக்கணும்" என்று பிடிவாதம். இத்தனை வருஷம் தனியாக இருந்து எல்லாம் செய்தவள் ஒன்று கேட்கிறாள், எப்படி மறுப்பது. விடியற்காலையில் பனியில் பதினோரு மரத்துக்குத் தூவினோம். மஞ்சள் குங்குமம் வைத்த பிறகு.

(அவர் வேண்டாம் என்று சொன்னார். நான்தான் கேட்கவில்லை. இதை அவர் சொல்லவில்லை, அதனால் நானே எழுதுகிறேன். — பெ.)

மாசி 3, சனி

இனி காலண்டரைப் பார்ப்பதில்லை என்று ஒப்புக்கொண்டாள். தினமும் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை. எந்த மரத்தில் எந்தப் பாளை எப்போது வெடித்தது, எந்த நாள் தூவினோம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் பின் அட்டையில் எழுதுகிறாள். ஒருமுறை என்னைச் சோதிக்க, "முப்பத்தாறாவது மரம் ரெண்டாவது பாளை?" என்றாள். "முந்தாநேத்து, உன் வளையல் மாட்டிக்கிச்சே அந்த முள்ளுப் பக்கம்" என்றேன்.

அவள் கை எவ்வளவு சீக்கிரம் பழகிவிட்டது! பாளையை ரெண்டாக விரிக்கிறாள், ஆண் இழை ஆறைத் தலைகீழாக நடுவில் செருகுகிறாள், மேலே பஞ்சில் தொட்டுத் தட்டுகிறாள், தாள்பை மூடி முடிச்சு. ஒரு குலைக்கு மூன்று நிமிஷம். எனக்கு முதல் வருஷம் பத்து நிமிஷம் ஆயிற்று, அதற்கு முகத்துக்கு நேரே திட்டு வாங்கினேன்.

மாசி 5, திங்கள்

நாற்பது மரம் ஆயிற்று.

மாசி 9, வெள்ளி

தூவிய பிறகு உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்டாள். சொன்னேன்.

நான் போய் ஐந்தாவது வருஷம், பங்குனி. ரஃபத் என்னைக் கூப்பிட்டு ஒரு கண்ணாடிக் குழலில் கண் வைக்கச் சொன்னார். அடியில் ஒரு கண்ணாடிச் சில்லு, அதில் சர்க்கரைத் தண்ணீர், அதில் தூள். ஒவ்வொரு தூளும் கோதுமை மணி போல, நடுவில் ஒரு கோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு மணி நேரம் கழித்து ஒன்றின் கோட்டிலிருந்து சின்னதாக ஒரு நூல் எட்டிப் பார்த்தது. பிறகு நீண்டது. பிறகு பக்கத்தில் ஒன்று. பிறகு பத்து. எல்லாம் வேர் விடுகிற மாதிரி எதையோ தேடிக்கொண்டு போயின. நான் அதுவரைக்கும் அதைத் தூசி என்று நினைத்திருந்தேன். உயிர்.

பூவின் நாக்கில் விழுந்தால் அந்த நூல் உள்ளே துளைத்துக்கொண்டு சூல் வரைக்கும் போகுமாம். நூலுக்குள் ரெண்டு அணு பயணம் செய்யும். ஒன்று சூலுக்குள் இருக்கிற முட்டையோடு சேர்ந்து கரு ஆகும். இன்னொன்று பக்கத்தில் போய்ச் சேர்ந்து, அந்தக் கருவுக்குச் சோறாகும். பேரீச்சங்கொட்டை கல் மாதிரி இருக்கிறதே, அந்தக் கல் முழுக்க அந்தச் சோறுதான். குழந்தை ஒரு ஓரத்தில் பொட்டளவு. பிள்ளையைக் கொடுக்கும்போதே அதற்குக் கட்டுச்சோறும் கொடுத்தனுப்புகிற அப்பன்! இதை யார் யோசித்தது என்று நான் அன்றைக்குச் சாப்பிடவேயில்லை.

பிறகு ரஃபத் இன்னொரு சில்லு வைத்தார். பழைய தூள். பார்க்க ரெண்டும் ஒன்றுதான், அதே கோதுமை மணி, அதே கோடு. சாயங்காலம் வரை பார்த்தேன். ஒன்றும் நகரவில்லை.

அதே வருஷம் ஆவணியில் இன்னொரு இடத்திலும் அப்படிக் கண்ணாடிக் குழலில் பார்த்தேன். அது தோட்டத்து விஷயமில்லை. போதும், மூடு.

(எந்த இடம் என்று கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். மாட்டுக்கு அப்போதுதான் காட்டியிருந்தேன். — பெ.)

மாசி 10, சனி

எழுத ஒன்றுமில்லை.

பங்குனி 3, திங்கள்

முதல் பதினோரு மரத்தில் பையைப் பிரித்தோம். மூன்று மூன்றாக வீங்கியிருக்கிறது. பதினோரு மரத்திலும்.

பெருமாயி ஏணியிலிருந்து இறங்கினாள். கட்டையின் மேல் உட்கார்ந்தாள். "கொழுந்தனார் சொன்னது சரிதான் போல. என் கை அப்படி" என்றாள்.

"பனியில தூவுனது. தூள் முளைக்கல. அவ்ளோதான் விஷயம்."

"மத்த மரத்துக்கும் இப்படியே ஆச்சுன்னா?"

"ஆகாது."

"எப்படித் தெரியும்? காட்டு ஈச்சை சேரலையோ என்னவோ."

எனக்கும் அந்தப் பயம்தான். சொல்லவில்லை. "உன் கையில ஒண்ணுமில்ல பெருமாயி" என்றேன். இன்னும் ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அதையும் எழுதிக்கொள்.

(எழுதிக்கொண்டேன். எந்த வாக்கியம் என்று சொல்லவில்லை. — பெ.)

பங்குனி 17, திங்கள்

பன்னிரண்டாவது மரத்தில் பையைப் பிரித்தேன். பெருமாயி ஏணியைப் பிடித்துக்கொண்டு மேலே பார்க்காமல் நின்றாள்.

ஒவ்வொரு பூவிலும் ஒன்று. ஒரே ஒன்று. பட்டாணி அளவு, பச்சையாக, உருண்டையாக. பக்கத்தில் சுருங்கிய ரெண்டு அறை கருகிப் பொட்டுப்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு காயை நகத்தால் கீறினேன். உள்ளே வெள்ளையாக, பால் கட்டினாற்போல், கொட்டை உருவாகிக்கொண்டிருந்தது.

"பெருமாயி, மேலே பாரு."

"நீங்க சொல்லுங்க."

"ஒண்ணு ஒண்ணா இருக்கு."

அவள் பார்த்தாள். அடுத்த மரத்துக்குப் போய் அவளே பிரித்தாள். அதற்கடுத்ததும். இருட்டுவதற்குள் நாற்பத்தொன்பது மரத்தையும் பார்த்துவிட்டாள். நான் பின்னாடியே ஏணியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். ஓடைக்கரையில் ஒருத்தரும் ஏறிட்டுப் பார்க்காத அந்தத் தடியனுக்கு இத்தனை பிள்ளை! கரியானுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்.

பங்குனி 20, வியாழன்

தவறிய பதினோரு மரத்திலும் பிந்திய பாளைகள் வந்தன. ஈரமும் சூடும் படாமல் மூடி வைத்திருந்த மீதித் தூளை உச்சி வெயிலில் தூவினோம். அவளே வெயிலில் கையை நீட்டி, "இப்ப சூடு போதும்" என்றாள்.

சித்திரை 1, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி. காய் விளாம்பிஞ்சு அளவில்கூட இல்லை, ஆனால் குலை கனக்கிறது. இனி குலைகளைத் தாங்கிக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் காம்பு முறியும்.

வைகாசி 11, ஞாயிறு

பங்காளிகள் ஐந்து பேர் வந்தார்கள். மூத்தவர் சென்றாயன் அண்ணன், எண்பது வயது. தீர்த்தகிரியும் வந்தான். பெருமாயி முப்பதாவது மரத்தில் ஏணிமேல் நின்று குலையைக் கயிற்றால் ஓலைமட்டையோடு கட்டிக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை.

சென்றாயன் அண்ணன் ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தார். மரத்துக்கு ஐந்து குலை, ஆறு குலை. "ஆண் மரம் இல்லைன்னு சொன்னீங்களே, எங்கிருந்துப்பா தூள்?" என்றார்.

"சித்தேரி அடிவாரத்து ஈச்சை, அண்ணே."

தீர்த்தகிரி சிரித்தான். "ஓகோ, வெளியாளு! அண்ணிக்கு இந்த யோசனை அப்பவே வந்திருந்தா வீட்டுலயும் ரெண்டு காய்ச்சிருக்கும்."

ரெண்டு பேர் சிரித்தார்கள். சென்றாயன் அண்ணன் "டேய்" என்றார். ஏணியில் கயிறு நின்றுவிட்டது.

நான் பேசினேன். எப்படிப் பேசினேனோ அப்படியே எழுது.

"தீர்த்தகிரி, சிரிச்சது போதும், கேளு. இருபத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி, ஆவணி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, அங்க தம்மாம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரு கண்ணாடிக் குழல்ல என்னோடதை என்னையே பார்க்கச் சொன்னாரு. பார்த்தேன். ஒண்ணும் நகரல. குறை என்கிட்ட. அவகிட்ட ஒண்ணுமில்ல. தெரிஞ்சும் நான் சொல்லல. நீங்க எல்லாரும் அவளைச் சொன்னீங்க, நான் அங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்."

தீர்த்தகிரி தரையைப் பார்த்தான். சென்றாயன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தோப்பு அவளுது. இனிமே இந்தப் பேச்சு எவன் வாயிலயும் வரக்கூடாது" என்றார்.

நான் ஏணியைப் பார்க்கத் துணியவில்லை. மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. கல்யாணமாகி நாற்பத்தொரு வருஷத்தில் அவனைக் கொழுந்தனாரே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"தீர்த்தகிரி, அந்தக் குலைய அடியில தாங்கிப் பிடி. கயிறு கட்டணும்."

அவன் வந்து ரெண்டு கையாலும் தாங்கிப் பிடித்தான். அவள் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அசையாத முடிச்சு.

இப்போது விளக்கு வைக்கிற நேரம். அவர்கள் போய்விட்டார்கள். அவள் என்னோடு இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நோட்டை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். இவ்வளவும் எழுதினாள். கடைசியாக ஒன்று கேட்டேன். மன்னித்துவிட்டேன் என்று உன் பேரில் ஒரு வரி எழுது என்றேன்.

பேனா ரொம்ப நேரம் ஓடியது.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"ஒரு வரிக்கு இவ்ளோ நேரமா?"

"எழுத்து பெருசு."

சரி. அது போதும் எனக்கு.

(எழுதவில்லை. இருபத்தொன்பது வருஷம் ஒரு நாள் சாயங்காலத்தில் தீராது. நாளைக்கு முப்பத்தொன்றாவது மரத்திலிருந்து குலை கட்ட வேண்டும். ஏணியைப் பிடிக்க அவர் வேண்டும். தீர்த்தகிரிக்கு ஏணி பிடிக்கத் தெரியாது. — பெருமாயி)